பிஎஸ்பி, டிஎஸ் கேம் கதையை ஒரே கட்சீன் படமாகத் தொகுப்பது எப்படி

சோனியின் பிஎஸ்பி, நின்டென்டோவின் இரட்டைத்திரை டிஎஸ் போன்ற கையடக்க கருவிகளின் கேம்களில், கதையின் பாதிதான் கட்சீனில், அதாவது ஆட்டம் நின்று குட்டிப் படம்போல ஓடும் காட்சியில், இருக்கும். மீதி டயலாக் பெட்டியிலும், மிஷனுக்கு முன் வரும் நாலு வரியிலும், மெனுவுக்குள் ஒளிந்திருக்கும் டைரியிலும், டிஎஸ்ஸாக இருந்தால் கீழ்த்திரையிலும் சிதறிக் கிடக்கும். கார்ட்ரிட்ஜில் இடம் குறைவு. போதாததற்கு, உக்கடத்தில் பஸ் ஏறியவர் பொள்ளாச்சியில் இறங்குவதற்குள் ஒரு மிஷனாவது முடியவேண்டும். இந்த இரண்டு கணக்குக்கும் ஏற்றபடி கதையை நறுக்கி வைத்திருப்பார்கள். அதனால் கட்சீன்களை மட்டும் ரெக்கார்ட் செய்து வரிசையாக ஒட்டினால், கேமை ஏற்கெனவே ஆடியவருக்குத்தான் புரியும். ஆடாதவர் பத்தாவது நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்.

கேம் கம்பெனியே இதைச் செய்து பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. 2009-இல் நின்டென்டோ டிஎஸ்ஸில் வந்த கிங்டம் ஹார்ட்ஸ் 358/2 டேஸ், 2013-இல் பிஎஸ்3-க்கு வந்த எச்டி தொகுப்பில் ஆடும் பகுதியே இல்லாமல், பார்க்கும் கதையாக மட்டும் சேர்க்கப்பட்டது. படமாக்காத இடங்களை எழுத்து அட்டை போட்டு நிரப்பினார்கள். அதைக் குறை சொல்பவர்கள் நிறைய. ஆனால் தொகுக்க உட்காருபவர் அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எந்த இடத்தில் அட்டை கைகொடுக்கிறது, எந்த இடத்தில் அலுப்பூட்டுகிறது என்பது அதிலேயே தெரியும்.

முதல் ஆட்டம் பட்டியலுக்கு

முதல் தடவை ஆடும்போது ரெக்கார்ட் வேண்டாம். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து, கதை நகரும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி போடுங்கள்: வரிசை எண், இடம், யார் யார், எந்த வடிவம் (கட்சீனா, பெட்டியா, டைரியா, சண்டைக்கு நடுவில் வரும் பேச்சா), எத்தனை நொடி, எந்த சேவ் ஃபைல். கடைசி நெடுவரிசைதான் முக்கியம்: 'இதில் புதிதாக என்ன தெரிகிறது?' அது காலியாக இருக்கும் காட்சி வெட்டுக்குப் போகும். 30 மணி நேர ஆர்பிஜிக்கு (ஒரு கதாபாத்திரமாகவே ஆடும் நீண்ட கதை கேம்) 150 வரி தாண்டுவது சாதாரணம். அலுத்துக்கொள்ளாமல் எழுதுங்கள். இந்தப் பட்டியல் இல்லாமல் எடிட்டில் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் எது எங்கே என்றே மறந்துபோகும்.

சேவ் ஃபைலைத் தனித்தனி ஸ்லாட்டில் வையுங்கள். பிஎஸ்பியில் மெமரி ஸ்டிக்கின் 'பிஎஸ்பி' ஃபோல்டருக்குள் 'சேவ்டேட்டா' இருக்கும். அத்தியாயம் முடிந்ததும் அதை அப்படியே கம்ப்யூட்டரில் வேறு பெயரில் நகல் எடுத்துவிடலாம். கருவியைப் போலவே கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருளான எமுலேட்டரில், ஆடும் நொடியை அப்படியே உறையவைக்கும் சேவ் ஸ்டேட் உண்டு, அதை மட்டும் நம்பவேண்டாம். எமுலேட்டரை அப்டேட் செய்தபின் பழைய ஸ்டேட் திறக்காமல் போகலாம். கேமுக்குள் போட்ட சேவ் தப்பிக்கும்.

சில கேம்களில் முடித்தபின் தியேட்டர் மெனு திறக்கும். அதை மட்டும் வைத்து வேலையை முடித்துவிடலாம் என்று தோன்றும். அங்கே பெரிய கட்சீன் மட்டும்தான் இருக்கும், சின்னப் பழமை, அதாவது பேச்சு, எதுவும் வராது.

எதிலிருந்து எடுப்பது

சொந்த டிஸ்க் அல்லது கார்ட்ரிட்ஜிலிருந்து நீங்களே எடுத்த நகலை எமுலேட்டரில் ஓட்டுவதுதான் சுத்தமான படம் தரும். பிஎஸ்பிக்கு பிபிஎஸ்எஸ்பிபி, டிஎஸ்ஸுக்கு மெலன்டிஎஸ், ஜிபிஏவுக்கு (நின்டென்டோவின் கேம் பாய் அட்வான்ஸ்) எம்ஜிபிஏ. கருவியிலிருந்தே எடுப்பதென்றால் பிஎஸ்பி-2000 முதல் டிவி அவுட் உண்டு. 2000 மாடலில் கேம் படம் காம்போனென்ட் கேபிளில், புரோகிரெசிவ் முறையில் (ஒவ்வொரு ஃபிரேமும் முழுதாக வருவது) மட்டும் வரும். டப்பா விலைக்குக் கிடைக்கும் மஞ்சள்-சிவப்பு-வெள்ளை கேபிளை வாங்கிவிட்டு மெனு தெரிகிறது, கேம் தெரியவில்லை என்று திணறுவது இதனால்தான். வரும் படமும் 720×480 சட்டத்தின் நடுவில் 480×272 அளவில், சுற்றிலும் கறுப்போடு இருக்கும். கேப்சர் செய்தபின் கிராப் செய்யவேண்டும். செகண்ட் ஹேண்ட் பிஎஸ்பி வாங்கினால் பின்மூடியைத் திறந்து பேட்டரி உப்பியிருக்கிறதா பாருங்கள். உப்பியிருந்தால் கழற்றி வைத்துவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டலாம்.

டிவி முன்னால் செல்போனை நிறுத்திப் படம் எடுப்பது வேண்டாம். போன் ரெக்கார்டிங்கில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும். ஒரு மணி நேர டைம்லைனில் வாயும் குரலும் பிரிந்து நிற்கும்.

அளவுக் கணக்கு

படம் மங்கலாக வருவதற்குப் பெரும்பாலும் காரணம் கேமரா அல்ல, கம்ப்யூட்டரும் அல்ல, பெருக்கல் கணக்குத்தான். சின்னத் திரையை முழு எண்ணால் பெருக்கவேண்டும். ஒன்றேமுக்கால் மடங்கு பெருக்கினால் ஒரு பிக்சல் தடியாகவும் அடுத்தது ஒல்லியாகவும் வரும், எழுத்து நடுங்கும்.

பிஎஸ்பி திரை 480×272. நான்கால் பெருக்கினால் 1920×1088. மேலே 4, கீழே 4 பிக்சல் வெட்டினால் சரியாக 1920×1080. இதைவிட நல்ல கணக்கு வேறு எந்தக் கருவிக்கும் அமையாது. 4கே வேண்டுமென்றால் எட்டால் பெருக்கி 3840×2176, மேலும் கீழும் 8 வெட்டு.

ஜிபிஏ 240×160. ஆறால் பெருக்கினால் 1440×960. சுற்றிலும் கறுப்பு விடுங்கள்.

டிஎஸ்ஸில்தான் தலைவலி. இரண்டு திரை, ஒவ்வொன்றும் 256×192. கீழ்த்திரையில் வரைபடம் மட்டும் இருக்கும் காட்சி என்றால் அதை விட்டுவிட்டு, மேல்திரையை ஐந்தால் பெருக்கி 1280×960 ஆக நடுவில் வைக்கலாம். இடம் வலம் 320, மேல் கீழ் 60 மிஞ்சும். கீழ்த்திரையும் வேண்டிய காட்சியில் மேல்திரை ஐந்து மடங்கு, கீழ்த்திரை இரண்டு மடங்கு, அதாவது 512×384. இரண்டும் சேர்த்து 1792 அகலம். மீதமுள்ள 128-ஐ இடப்பக்கம் 40, நடுவில் 48, வலப்பக்கம் 40 என்று பிரித்தால் கண்ணுக்கு உறுத்தாது. ஏதாவது மேல்திரையிலிருந்து கீழ்த்திரைக்கு விழும் ஷாட் வந்தால் அந்த ஷாட்டுக்கு மட்டும் இரண்டையும் மேலும் கீழுமாக அடுக்குங்கள். நடுவிலுள்ள கீலின் இடைவெளியையும் கணக்கில் கொண்டு சில ஷாட்களை வரைந்திருப்பார்கள். மெலன்டிஎஸ்ஸில் அந்த இடைவெளிக்கென்றே ஸ்கிரீன் கேப் அமைப்பு உண்டு.

ஓரத்துக் கறுப்பை மறைக்க அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் போடும் பழக்கம் இருக்கிறது. செய்யாதீர்கள். மூன்று மணி நேரம் பார்க்கிறவருக்குக் கண் வலிக்கும்.

பிபிஎஸ்எஸ்பிபியில் ரெண்டரிங் ரெசல்யூஷனை 4 மடங்கு வையுங்கள், ஃபிரேம் ஸ்கிப்பை நிறுத்துங்கள். ஒரு சிக்கல் வரும்: கேம் இன்ஜினில் ஓடும் காட்சி கூர்மையாகும், முன்கூட்டியே வீடியோவாக டிஸ்க்கில் வைத்திருக்கும் காட்சி 480×272-இலேயே நிற்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது கண் தடுக்கும். ஏஐ அப்ஸ்கேல் போட்டால் முகமெல்லாம் மெழுகு பொம்மையாட்டம் ஆகிவிடுகிறது. அதைவிட இன்ஜின் காட்சியை 2 மடங்கில் ரெண்டர் செய்து வித்தியாசத்தைக் குறைப்பது மேல்.

ரெக்கார்ட்

திரையை ரெக்கார்ட் செய்யும் மென்பொருளான ஓபிஎஸ்ஸில் கேன்வாஸ் 1920×1080, 60 ஃபிரேம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், தரம் சிக்யூபி (எண் குறைந்தால் தரம் கூடும்) 16 முதல் 18. கேம் சோர்ஸின் மேல் வலது கிளிக் செய்து ஸ்கேல் ஃபில்டரிங்கை 'பாயிண்ட்' ஆக்குங்கள். இதை மறந்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். நொடிக்கு 30 மெகாபிட் ஓடினால் மணிக்கு 13.5 ஜிபி ஆகும். 20 மணி நேர ரெக்கார்டுக்கு 270 ஜிபி இடம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைல் வகை எம்கேவி. சாதாரண எம்பி4-இல் ரெக்கார்ட் ஓடும்போது கரண்ட் போனால் முழு ஃபைலும் திறக்காது. எம்கேவியில் போன நொடி வரைக்கும் மிஞ்சும். முடிந்தபின் ஓபிஎஸ்ஸிலேயே ரீமக்ஸ் செய்து (படத்தைத் தொடாமல் ஃபைல் வகையை மட்டும் மாற்றி) எம்பி4 ஆக்கலாம், தரம் குறையாது. உங்கள் துணைமின் நிலையத்துக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்றைக்கு என்று முந்தின நாள் பேப்பரில் பார்த்துவிட்டு உட்காருவது இன்னும் உத்தமம்.

ஜிபிஏ நொடிக்கு 59.73 ஃபிரேம் ஓடுகிறது. 60-இல் ரெக்கார்ட் செய்தால் ஏறத்தாழ 3.7 நொடிக்கு ஒரு ஃபிரேம் இரட்டிக்கும். நின்று பேசும் காட்சியில் தெரியாது, கேமரா மெதுவாக நகரும் காட்சியில் சின்னத் தடுக்கலாகத் தெரியும். இதைச் சரிசெய்யப் படத்தின் வேகத்தை மாற்றப் போகாதீர்கள், ஒலி கெட்டுவிடும்.

கைப்பழக்கத்தில் சில. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் 2 நொடி, பின்னால் 3 நொடி கூடுதலாக எடுங்கள், ஒட்டும்போது அந்த வால்தான் உதவும். ஃபாஸ்ட் ஃபார்வர்டு விரல் பட்டாலும் ஒலி போய்விடும், அந்த பட்டனையே எடுத்துவிடுங்கள். கதாபாத்திரத்தின் ஆயுதமும் உடையும் கட்சீனில் தெரியும் கேம் என்றால் முதலிலேயே ஒன்றை முடிவுசெய்து கடைசிவரை அதையே வையுங்கள். இல்லையென்றால் அழுகைக் காட்சியில் ஒரு ஷாட்டில் மரக்கத்தி, அடுத்த ஷாட்டில் தங்கக்கத்தி. இதோடு, புதிதாகப் போகும் ஒவ்வொரு இடத்திலும் எதிரி இல்லாத மூலையில் நின்று கேமராவைச் சுற்றி 30 நொடி வெறும் இடத்தை எடுத்து வையுங்கள். அப்போது எதற்கு என்று தோன்றும். எடிட்டில் இதுதான் அதிகம் தேவைப்படும்.

வெட்டும் ஒட்டும்

உடுக்கடிக் கதை கேட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பாடுகிறவர் ஒரு கட்டத்தைப் பாட்டில் நிதானமாக விரிப்பார். பிறகு பாட்டை நிறுத்தி, நாலு வரி வசனத்தில் ஆளைக் காடு மலை தாண்டிக் கொண்டுபோய் அடுத்த இடத்தில் இறக்கிவிட்டு மறுபடி உடுக்கையைத் தட்டுவார். கட்சீன் பாட்டு, நீங்கள் ஒட்டும் பாலம் வசனம். பாலம் நீண்டால் கேட்கிறவர் கொட்டாவி விடுவார், பாலமே இல்லையென்றால் ஆள் எப்படி இங்கே வந்தார் என்று கேட்பார்.

பாலத்துக்கு மூன்று பொருள் உண்டு. ஒன்று, சுற்றி எடுத்து வைத்த வெறும் இடத்தின் ஷாட், 4 முதல் 6 நொடி. பெரும்பாலான இடத்துக்கு இதுவே போதும். இரண்டு, அந்த ஷாட்டின் மேலேயே எழுத்து, 20 சொல்லுக்குள், நீங்கள் வாய்விட்டு இரண்டு தடவை வாசிக்க ஆகும் நேரம். கறுப்பு அட்டையில் எழுத்தைப் போட்டால் படம் நின்றுபோனது போலிருக்கும், இடத்தின் மேல் போட்டால் கதை நடந்துகொண்டே இருக்கும். மூன்று, டயலாக் பெட்டியை அப்படியே காட்டுவது. குரல் இல்லாத கேமில் பெட்டி எழுத்து வேகத்தை அதிகபட்சமாக வைத்து எடுத்து, எடிட்டில் கடைசி ஃபிரேமை உறையவைத்து நீட்டுங்கள். இரண்டு வரிப் பெட்டிக்கு 3 முதல் 4 நொடி. பட்டனை அமுக்கும் நேரத்தை நம்பினால் ஒரு பெட்டி ஓடும், அடுத்தது நிற்கும். எழுத்து விழும் டிக் டிக் ஓசையை 6 முதல் 10 டெசிபல் குறைத்துவிடுங்கள்.

சண்டையை முழுதாக விடவும் கூடாது, முழுதாகத் தூக்கவும் கூடாது. பாஸ் ஃபைட்டில் தொடக்கம் 8 நொடி, எதிரி வடிவம் மாறும் இடம் அல்லது நடுவில் பேசும் வரி, கடைசி அடி. மொத்தம் 30, 40 நொடிக்குள். இந்த வெட்டை மறைக்க ஃபேட் போடவேண்டாம். பெரிய மாயவித்தையின் வெள்ளை ஒளி திரையை நிரப்பும் ஃபிரேமில் வெட்டினால் யாருக்கும் தெரியாது.

இனி திரும்பத் திரும்ப வரும் காட்சி. பஸ்ஸில் பாதியில் மூடி வைத்தவருக்காகக் கையடக்க கேம் ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் 'நேற்று என்ன நடந்தது' என்று சொல்லும். தொகுப்பில் அது இரண்டு நிமிடத்துக்கு முன் நடந்ததாக இருக்கும். அவற்றை யோசிக்காமல் வெட்டலாம். ஆனால் 358/2 டேஸில் ராக்ஸஸ், ஆக்ஸல், ஷியோன் மூவரும் வேலை முடிந்து மணிக்கூண்டின் மேல் உட்கார்ந்து ஐஸ்க்ரீம் தின்னும் காட்சி திரும்பத் திரும்ப வருகிறதே, அது வேறு ஜாதி. அங்கே திரும்ப வருவதுதான் கதை. முதல் தடவை, மூவரும் முதலில் சேரும் தடவை, ஒருவர் வராமல் போகும் தடவை, பேச்சில் முதல் கீறல் விழும் தடவை, கடைசித் தடவை: இவை முழுதாக வேண்டும். நடுவில் வருபவற்றில் சிலவற்றைப் பேச்சில்லாமல் 5 நொடி ஷாட்டாக மட்டும் வைத்தாலே வழக்கமாகிப்போனது தெரிந்துவிடும். எல்லாவற்றையும் வெட்டினால் கடைசிக் காட்சிக்கு அழ யாரும் இருக்கமாட்டார்கள்.

மூன்று நாயகர்கள், மூன்று தனித்தனிக் கதை என்றுள்ள கேமில் வரிசை கேள்வியாகும். 2010-இல் பிஎஸ்பியில் வந்த பர்த் பை ஸ்லீப் அப்படி: டெர்ரா, வென்டஸ், அக்வா, ஒரே நிகழ்ச்சி வெவ்வேறு கண்ணில் வரும். மூன்றையும் கலந்து நடந்த நேர வரிசையில் அடுக்கிய தொகுப்புகள் புத்திசாலித்தனமாகத் தெரியும், ஆனால் மர்மம் முதல் மணி நேரத்திலேயே உடையும். ஒருவர் கதையை முடித்துவிட்டு அடுத்தவருக்குப் போவதே நல்லது. இரண்டாம் தடவை வரும் பொதுக்காட்சியில் புதிய கோணம் தொடங்கும் இடத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

ஒலி

கேமில் பின்னணி இசையைத் தனியே அணைக்க வசதி இருந்தால், இசை உள்ளதும் இல்லாததுமாக இரண்டு தடவை ரெக்கார்ட் செய்வது பெரிய சௌகரியம். இல்லையென்றால் ஒரே இசை ஓடும் இரண்டு கிளிப்பை ஒட்டும்போது பாட்டு தாவும். படத்தை வெட்டிய இடத்திலேயே ஒலியை வெட்டாமல், அடுத்த காட்சியின் ஒலியை அரை நொடி முன்னால் நுழைத்து 10 ஃபிரேம் கிராஸ்ஃபேட் (ஒரு ஒலி அமுங்க மற்றது எழுவது) போட்டால் தாவல் அமுங்கும். எம்ஜிபிஏவில் சேனலை அணைக்கலாம் என்று முயல்வார்கள். ஜிபிஏ கேம்கள் பலவற்றில் இசையும் சத்தமும் ஒன்றாகக் கலந்தபின்தான் வெளியே வருகிறது, பிரிக்க வராது. முடிவான சத்தம் -14 லஃப்ஸ் (காதுக்குப் படும் சராசரிச் சத்தத்தின் அளவு) அருகில், உச்சம் -1 டெசிபல்.

பாலத்தைச் சொந்தக் குரலில் சொல்வதென்றால் சோமனூர், பல்லடம், குமாரபாளையம் பக்கம் தறிச் சத்தம்தான் எதிரி. நாய்ஸ் ரிடக்ஷன் ஃபேன் இரைச்சலை எடுக்கும். தறி அடிப்பதை எடுக்கப் போனால் குரலையும் சேர்த்துத் தின்றுவிடும். ஷிப்ட் மாறும் நேரமோ தறி நிற்கும் நாளோ பார்த்து, மைக்கிலிருந்து 15 சென்டிமீட்டரில் வாயை வைத்துப் பேசுங்கள். எதிரொலிக்கு ஃபோம் வாங்கத் தேவையில்லை. திருப்பூர்ப் பக்கம் சல்லிசாகக் கிடைக்கும் பனியன் வேஸ்ட் நாலு மூட்டையை மைக்குக்குப் பின்னாலும் உங்கள் முதுகுக்குப் பின்னாலும் அடுக்கினால் போதும்.

தமிழ் சப்டைட்டில்

ஏஜிசப் என்ற சப்டைட்டில் மென்பொருளில் எழுதுங்கள். வரிக்கு 35 எழுத்து, இரண்டு வரி, நொடிக்கு 12 எழுத்து, குறைந்தது 1 நொடி, கூடினால் 6. எடிட்டிங் மென்பொருளின் டைட்டில் கருவியில் தமிழை ஒட்டினால் சிலவற்றில் கொம்பு இடம் மாறும், 'கொ' என்பது கால், கொம்பு, எழுத்து எல்லாம் தனித்தனியாகச் சிதறும். ஃபான்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த மென்பொருள் இந்திய எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாமல் ஓடுகிறது. அடோபி பிரீமியரில் டெக்ஸ்ட் இன்ஜினைத் தெற்காசியத்துக்கு மாற்றவேண்டும். வழியே இல்லையென்றால் ஏஜிசப் ஃபைலை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவி மூலம் படத்தின் மேல் பதித்துவிடுங்கள், அது சரியாகக் காட்டும்.

பேச்சு நடை வேறு கதை. 'நீ எங்கே சென்றாய்' என்று எழுதினால் நண்பன் வாத்தியாராகிவிடுவான். 'எங்க போயிட்ட' போதும். உத்தரவு போடும் மேலாளுக்கு 'சரிங்க', கூட உட்கார்ந்து தின்பவனுக்கு 'வாடா', இந்த வித்தியாசத்தை முதல் காட்சியிலேயே முடிவுசெய்து ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். எல்லோரையும் கொங்குத் தமிழில் 'ஏனுங்', 'என்ற ஊரு' என்று பேசவைக்க ஆசையாக இருக்கும். பத்து நிமிடத்தில் சீரியஸ் காட்சியெல்லாம் காமெடியாகும். கடைக்காரக் கிழவர் ஒருவருக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள், அழகாக உட்காரும். சில கேம்களில் வரும் மூகிள் என்ற குட்டிப் பிராணி சொல்லும் 'குப்போ'வை மொழிபெயர்க்கவேண்டாம். அது நம் 'ங்' போல, அர்த்தத்துக்காக வருவதல்ல.

ஏற்றுவதற்கு முன்

யூடியூபில் சரிபார்க்காத கணக்குக்கு 15 நிமிடம்தான், சரிபார்த்ததற்கு 12 மணி நேரம் வரை. 1080பி-யில் செய்திருந்தாலும் 4கே-க்குப் பெருக்கி ஏற்றினால் யூடியூப் அழுத்தும்போது சிதைவு குறைவாக இருக்கும், முக்கியமாகப் பிக்சல் கேம்களில் சிவப்பு எழுத்து கசியாது. அத்தியாயப் பட்டியலில் முதல் நேரம் 0:00 ஆக இருக்கவேண்டும், குறைந்தது மூன்று அத்தியாயம், ஒவ்வொன்றும் 10 நொடிக்குக் குறையாமல். அத்தியாயப் பெயரில் யார் சாகிறார் என்று எழுதிவிடாதீர்கள்.

உரிமை கேம் கம்பெனியுடையது, உங்கள் உழைப்பு அதை மாற்றாது. நின்டென்டோ 2018 நவம்பரில் வெளியிட்ட விதிகள், சொந்தப் படைப்பு முயற்சியோ விளக்கமோ இல்லாத வெறும் நகலை அனுமதிப்பதில்லை என்கின்றன. மற்ற கம்பெனிகளின் விதியைத் தனித்தனியே படியுங்கள். தொடக்கப் பாட்டு, முடிவுப் பாட்டுக்கு உரிமைக் கோரிக்கை தனியாக வரும். அந்த இரண்டு இடத்திலும் பாட்டில்லாத மாற்று வெட்டு ஒன்றை முன்கூட்டியே ரெண்டர் செய்து வைத்திருந்தால், மூன்று மணி நேரப் படத்தையும் மறுபடி ரெண்டருக்குப் போட்டுவிட்டு விடிய விடியக் காத்திருக்க வேண்டியதில்லை.